எழுத்தறிவிக்கும் கருவி

பேச்சு மனிதனுக்கு இயல்பாக வருவது. படிப்பு முயன்று பெறுவது. தாயின் மடியில் தவழும் குழந்தை, ஒருவரும் பாடம் நடத்தாமலே, தன்னைச் சூழக் கேட்கும் சொற்களைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தன் பசியையும் விருப்பையும் வெறுப்பையும் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. ஆனால், அதே குழந்தையைச் சுற்றி ஆயிரம் ஏடுகளைப் பரப்பி வைத்தாலும், கற்பிப்பார் இல்லையெனில் அது படிக்கக் கற்பது அரிது. மனிதன் பேசத் தொடங்கியது மிகமிகப் பழங்காலத்தில். எழுதத் தொடங்கியோ ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆதலின், பேச்சுக்கு உரிய ஆற்றல் மூளையில் பிறப்பிலேயே பொருந்தியிருக்க, படிப்புக்கு உரிய ஆற்றலை ஒவ்வொரு குழந்தையும் பயிற்சியினால் புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்தறிவித்தவரைத் தெய்வத்துக்கு நிகராக வைத்துத் தமிழர் போற்றியதன் காரணம் இதனால் விளங்கும்.

இக்காலத்தில் எழுத்தறிவிக்கும் பணிக்கு ஒரு புதிய துணை வந்திருக்கிறது. கணினியும், கையடக்கக் கணினியும், திறன்பேசியும் வகுப்பறைக்குள் நுழைந்துள்ளன. திரையில் எழுத்துத் தோன்றுகிறது. தோன்றும்போதே அதன் ஒலியும் கேட்கிறது. குழந்தை விரலால் தொட்டால் கருவி விடை கூறுகிறது. இதனைக் கண்ட சிலர், இனி ஆசிரியரே வேண்டா என்று வியந்தனர். வேறு சிலர், இது பிள்ளைகளைக் கெடுக்க வந்த விளையாட்டுப் பொருள் என்று வெறுத்தனர். வியப்பும் வெறுப்பும் உண்மையைக் காட்டா. படிப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதில் கருவிக்கு உரிய இடம் எது, பல நாடுகளில் கண்ட பயன் யாது என்று ஆராய்ந்து அறிவதே முறையாகும்.

படிப்பு என்பது ஒரே செயல் போலத் தோன்றினும், பல படிகளை உடையது. முதலில் எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் இணைத்து அறிய வேண்டும். பிறகு எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்க வேண்டும். அதன் பின்னர்ச் சொற்களைத் தடையின்றித் தொடர்ந்து படிக்கும் சரளம் வர வேண்டும். இறுதியில் படித்ததன் பொருள் உள்ளத்தில் விரிய வேண்டும். இவற்றுள் சரளம் என்பது வெறும் வேகம் அன்று. மனிதனின் கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது. ‘ப’, ‘ற’, ‘வை’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிச் செல்லும் குழந்தை, சொல்லின் இறுதிக்கு வருவதற்குள் அதன் முதலை மறந்துவிடுகிறது. எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அதன் கவனம் முழுவதும் செலவாகிவிட, பறவையை எண்ணிப் பார்க்க ஒன்றும் எஞ்சுவதில்லை. எழுத்தறிவு பழகிப் பழகி இயல்பான பின்னரே உள்ளம் பொருளின் பக்கம் திரும்பும்.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோர்க்கு இதன் அருமை நன்கு புலப்படும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247 ஆகும். இவை ஒழுங்கான முறையில் அமைந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும், புதிதாகக் கற்கும் குழந்தைக்குச் சில இடர்கள் உள்ளன. ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ ககரத்தின் ஒலி முன்னும் எகரத்தின் ஒலி பின்னும் வருகின்றன. ‘கொ’ என்பதில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்கின்றன. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் மூன்று சொற்களிலும் ககரம் உண்டு. மூன்றிடத்தும் அதன் ஒலி வேறு. இவற்றையெல்லாம் எழுத்தட்டவணையை மட்டும் பார்த்து அறிய இயலாது. ஒருவர் ஒலித்துக் காட்ட வேண்டும். குழந்தை ஒலிப்பதை ஒருவர் கேட்க வேண்டும். தவறியவிடத்துத் திருத்த வேண்டும். மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும்.

இங்கேதான் வகுப்பறையின் பெரிய இடர்ப்பாடு தோன்றுகிறது. ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் முப்பதின்மர் அல்லது நாற்பதின்மர். ஒரு பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் படிப்பதாகக் கொண்டாலும் மணி அடித்துவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளை முன்வரிசையில் உரக்கப் படிக்கிறது. படிக்கத் தெரியாத பிள்ளை மற்றவர்களின் குரலோடு தன் குரலைக் கலந்து மறைந்துகொள்கிறது. பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையும் படிப்பது போலவே தோன்றும். இவ்வாறு மறைந்த குறை ஆண்டுதோறும் வளர்கிறது.

அக்குறையின் அளவை இந்தியாவில் ஓர் ஆய்வு வெளிப்படுத்தி வருகிறது. பிரதம் என்னும் கல்வித் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய ‘அசர்’ ஆய்வில், தொண்டர்கள் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்திப் படிக்கச் செய்து கேட்கின்றனர். 2022-ஆம் ஆண்டில், ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்பில் பயின்ற நூறு பிள்ளைகளுள் ஏறத்தாழ 20 பேரே இரண்டாம் வகுப்பு நிலைப் பாடத்தைப் படிக்கக் கூடியவராய் இருந்தனர். 2024-இல் அத்தொகை ஏறத்தாழ 27 ஆக உயர்ந்தது. உயர்வு மகிழ்ச்சி தருவதே; எனினும், எஞ்சிய எழுபதுக்கு மேற்பட்டோரின் நிலை யாது? முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளை படிக்கக் கற்கிறது. அதற்குமேல் படித்துக் கற்கிறது. கணக்கும் அறிவியலும் வரலாறும் எழுத்தின் வழியாகவே வருகின்றன. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்நூல்கள் எல்லாம் பூட்டிய கதவுகள் ஆகின்றன. அப்பிள்ளை அறிவிற் குறைந்தது அன்று. அதன் கையில் திறவுகோல் இல்லை, அவ்வளவே.

இந்தத் திறவுகோலை ஒவ்வொரு குழந்தையின் கையிலும் சேர்ப்பதற்குக் கருவி எவ்வாறு துணை செய்யும்? கருவிக்கு மூன்று நற்பண்புகள் உண்டு. முதலாவது, எழுத்தையும் ஒலியையும் ஒரே நேரத்தில் கண்ணுக்கும் காதுக்கும் தருவது. இரண்டாவது, எத்தனை முறை கேட்டாலும் சலிப்பின்றி மீண்டும் கூறுவது. மூன்றாவது, ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் தகுதிக்கு ஏற்பப் பாடத்தை எளிதாக்கியோ அரிதாக்கியோ கொடுப்பது. கூச்சமுள்ள பிள்ளை, வகுப்பின் நடுவே தவறிப் பிறர் நகைக்கக் கேட்பதற்கு அஞ்சும். கருவி நகைப்பதில்லை, கடிவதும் இல்லை.

பின்லாந்து நாட்டில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினென் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், படிப்பதில் இடர்ப்படும் குழந்தைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, ‘கிராபோகேம்’ என்னும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினர். குழந்தை காதில் ஓர் ஒலியைக் கேட்கிறது. திரையில் பல எழுத்துகள் தோன்றுகின்றன. கேட்ட ஒலிக்கு உரிய எழுத்தைக் குழந்தை தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாகத் தேர்ந்தால் அடுத்த எழுத்து வரும். தவறினால் அதே எழுத்து மீண்டும் வரும். ஃபின்னிய மொழியில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலியே உண்டு; ஆதலால் இந்த விளையாட்டு அம்மொழிக்கு நன்கு பொருந்தியது. பின்னர் இது பல மொழிகளுக்கும் சென்றது. பல நாடுகளில் நடந்த சோதனைகளை ஒருங்கே வைத்து நோக்கிய ஆராய்ச்சியாளர், குழந்தையைத் தனியே கருவியோடு விட்ட இடங்களில் பயன் குறைந்ததையும், பெரியவர் ஒருவர் அருகிருந்து ஊக்கிய இடங்களில் பயன் மிகுந்ததையும் கண்டனர். இது நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இந்தியாவில் தோன்றிய முறை ஒன்று இதனினும் எளியது. அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி என்பவர், 1996-ஆம் ஆண்டில், திரைப்படப் பாடல்களின் அடியில் அப்பாடலின் சொற்களை அதே மொழியில் எழுதிக் காட்டினால் மக்கள் தம்மை அறியாமலே படித்துப் பழகுவர் என்று எண்ணினார். 1999-இல் குஜராத்திப் பாடல்களுக்கும், 2002 முதல் நாடெங்கும் ஒளிபரப்பான ‘சித்ரஹார்’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சிக்கும் இவ்வாறு எழுத்து இணைக்கப்பட்டது. பாடகர் ஒரு சொல்லைப் பாடும்போது அச்சொல் நிறம் மாறுகிறது. பாடலோ முன்னமே பழகியது. அடுத்து வரும் சொல் இன்னதென்று கேட்பவர் அறிவார். ஆதலின் காது முன்செல்லக் கண் பின்தொடர்கிறது. அரைகுறையாக எழுத்தறிந்து பள்ளியை விட்டவர்க்கு, விரும்பும் பாடலே பயிற்சிப் பாடம் ஆகிறது. புதிய பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சியே போதும்.

அண்மைக் காலத்தில், குழந்தை படிப்பதைக் கேட்டறியும் கருவியும் வந்துவிட்டது. கூகுள் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு இந்தியாவில் ‘போலோ’ என்னும் செயலியை வெளியிட்டது. தொடக்கத்தில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும் கொண்டிருந்த அது, பின்னர் ‘ரீட் அலாங்’ எனப் பெயர் மாறித் தமிழ் முதலிய மொழிகளுக்கும் விரிந்தது. குழந்தை உரக்கப் படிக்கும்போது கருவி அதன் குரலைப் பகுத்து, எழுதப்பட்ட சொல்லோடு ஒப்பிடுகிறது. தடுமாறிய சொல்லை ஒலித்துக் காட்டுகிறது. இது வியத்தகு திறனே. ஆயினும், குழந்தையின் மழலைக் குரலையும், ஊருக்கு ஊர் மாறும் பேச்சு வழக்கையும், இரைச்சல் மிக்க வகுப்பையும் பிழையின்றி உணர்ந்துகொள்வது கருவிக்கு எளிதன்று. சரியாகப் படித்த குழந்தையைத் தவறு என்று கருவி சொல்லிவிடலும் கூடும். அப்போது குழந்தைக்காகப் பேச ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

நூல் இல்லாக் குறையைத் தீர்ப்பதிலும் கருவி உதவுகிறது. படிக்கக் கற்ற குழந்தைக்குப் படிப்பதற்கு ஏற்ற சிறுநூல்கள் பல வேண்டும். பிரதம் புக்ஸ் என்னும் பதிப்பகம் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, ‘ஸ்டோரிவீவர்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கியது. அதிலுள்ள படக்கதைகளை எவரும் விலையின்றிப் படிக்கலாம். தம் மொழியில் பெயர்த்தும் அமைக்கலாம். பெரும் பதிப்பகங்கள் எட்டிப்பாராத சிறுபான்மை மொழிகளிலும் குழந்தைக் கதைகள் தோன்ற இது வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. அவற்றைத் திறன்பேசியால் நோக்கினால் பாடத்துக்கு உரிய ஒலியும் படமும் திரையில் விரிகின்றன.

கண்பார்வை இழந்த மாணவர்க்குக் கருவி செய்யும் தொண்டு மிகப் பெரிது. முன்னாளில் அவர்கள் புடைப்புப் புள்ளிகளால் ஆன பிரெயில் நூல்களையோ, பிறர் படித்துக் காட்டுவதையோ நம்பியிருந்தனர். பிரெயில் நூல்கள் பருமன் மிக்கவை. எல்லா நூல்களும் அவ்வடிவில் கிடைப்பதில்லை. இன்று எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் உள்ளது. 2016-இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் மின்னூலகம், பார்வையற்றோரும் அச்சு நூலைப் படிக்க இயலாத பிறரும் பயன்படுத்தும் வடிவில் நூல்களைத் திரட்டித் தருகிறது. மங்கிய பார்வையுடைய மாணவன் எழுத்தைத் தனக்கு வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்கிறான். இவர்களுக்குக் கருவி வெறும் வசதி அன்று, உரிமைக்கு வழியாகும்.

இனி, ஆசிரியரே இல்லாத இடத்தில் கருவி மட்டும் என்ன செய்யும் என்னும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். இவ்வினாவுக்கு விடை காண ஒரு பெருஞ்சோதனை ஆப்பிரிக்கக் கண்டத்தில் நிகழ்ந்தது. எக்ஸ்பிரைஸ் என்னும் அமைப்பு 2014-இல் உலகளாவிய போட்டி ஒன்றை அறிவித்தது. பிள்ளைகள் தாமே படிப்பும் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொள்ளத்தக்க மென்பொருளை ஆக்குவோர்க்குப் பரிசு என்பதே போட்டி. தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மென்பொருள்கள், தான்சானியா நாட்டின் டாங்கா பகுதியில் ஏறத்தாழ 170 சிற்றூர்களில், இரண்டாயிரத்து எழுநூறு பிள்ளைகளை ஒட்டிய தொகையினரிடம் கையடக்கக் கணினிகளில் வழங்கப்பட்டன. பாடமொழி சுவாகிலி. கருவிகளுக்கு மின்னூட்ட, ஊர்தோறும் சூரிய ஒளியால் இயங்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன.

அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு 74 பேர் பள்ளிக்கே சென்றறியாதவர் என்றும், 80 பேர் வீட்டில் ஒருவரும் நூல் படித்துக் காட்டக் கேட்டறியாதவர் என்றும் கணக்கெடுக்கப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சுவாகிலியில் ஒரு சொல்லையேனும் படிக்க இயலாதவராய் இருந்தனர். பதினைந்து திங்கள் கழிந்தன. ஒரு சொல்லும் படிக்க இயலாதவரின் தொகை பாதியாகக் குறைந்திருந்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘கிட்கிட் ஸ்கூல்’, ‘ஒன்பில்லியன்’ என்னும் இரு குழுவினரும் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். போட்டிக்கு வந்த மென்பொருள்கள் எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு பொதுவுடைமை ஆக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியை இரு கண்ணாலும் நோக்க வேண்டும். பள்ளியின் வாயிலை மிதியாத பிள்ளைகள் பலர் எழுத்தைக் கண்டு சொல்லைக் கூறும் நிலைக்கு வந்தனர் என்பது ஒரு பெருஞ்செயல். ஆனால், பதினைந்து திங்களுக்குப் பின்னும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு சொல்லையும் படிக்க இயலாதிருந்தனர் என்பதும் உண்மை. ஆசிரியர் இல்லாத பாலையில் கருவி ஓர் ஊற்றாகும்; ஆயினும் அவ்வூற்று எல்லார் தாகத்தையும் தணித்துவிடவில்லை.

தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. அந்நாட்டு அரசு 2008 முதல், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தை மேற்கொண்டு, எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிகளுக்கு அளித்தது. ஒவ்வொரு கணினியிலும் ஏறத்தாழ இருநூறு மின்னூல்கள் இருந்தன. மலைப்பகுதியில் வாழும் ஏழைக் குழந்தையின் கையில் ஒரு நூலகமே வந்து சேர்ந்தது எனலாம். 319 ஊரகப் பள்ளிகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வின் முடிவோ வேறாக இருந்தது. கணினி பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள், பெறாத பள்ளிகளின் பிள்ளைகளைவிட மொழியிலும் கணக்கிலும் முன்னேறியதாகத் தெரியவில்லை. அவர்களுடைய படிக்கும் பழக்கமும் மாறவில்லை. இருநூறு நூல்கள் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைத் திறக்கச் செய்வார் இலர்.

இதற்குக் காரணம் கருவியின் குறை அன்று. எந்தப் பாடத்துக்கு எந்த நாளில் எவ்வாறு பயன்படுத்துவது என்னும் முறை வகுக்கப்படவில்லை. வகுப்பில் கற்பிக்கும் முறையும் மாறவில்லை. ஏர் கொடுத்தவுடன் நிலம் விளைந்துவிடுவதில்லை. உழத் தெரிந்தவர் உழுது, பருவத்தில் விதைத்து, நீர் பாய்ச்ச வேண்டும். படிப்பும் அத்தன்மையதே.

இவ்வுண்மையை இன்னும் தெளிவாக்கியது கென்யா நாட்டில் கிசுமு என்னும் பகுதியில் நடந்த ஆராய்ச்சி. அங்கே பள்ளிகளை மூவகையாகப் பிரித்தனர். மூவகைப் பள்ளிகளுக்கும் ஒரே வகையான பாடநூலும் பாடத்திட்டமும் அளித்தனர். கருவியை மட்டும் வேறுவேறு கைகளிற் கொடுத்தனர். முதல்வகைப் பள்ளிகளில் மாணவர் கையில் மின்னூல் படிப்பிகள் இருந்தன. இரண்டாம் வகையில் ஆசிரியர் கையில் கையடக்கக் கணினி இருந்தது. மூன்றாம் வகையில், பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்க்கு வழிகாட்டும் அலுவலர் கையில் மட்டும் அது இருந்தது. 2016-இல் வெளியான முடிவு பலரையும் சிந்திக்கச் செய்தது. மூன்று முறைகளுமே பயன் தந்தன. ஆனால் ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாக விஞ்சவில்லை. செலவைக் கணக்கிட்டபோதோ, வழிகாட்டும் அலுவலர்க்குக் கருவி கொடுத்த முறையே சிக்கனமாய் இருந்தது.

ஒரு கருவி ஒரு குழந்தையின் கையில் இருந்தால் ஒரு குழந்தைக்குப் பயன்படும்; நல்ல வழிகாட்டியின் கையில் இருந்தால் பல ஆசிரியர் வழியாகப் பல நூறு குழந்தைகளுக்குப் பயன்படும். கென்யா நாடு 2015 முதல் நாடு தழுவி நடத்திய ‘துசோமே’ என்னும் திட்டத்தில் இம்முறையே கையாளப்பட்டது. சுவாகிலியில் அச்சொல்லுக்கு ‘படிப்போம்’ என்பது பொருள். வழிகாட்டும் அலுவலர் வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கவனிக்கிறார்; பிள்ளைகள் சிலரைப் படிக்கச் செய்து கேட்டுக் கருவியில் பதிகிறார்; பின்னர் ஆசிரியரோடு அமர்ந்து, எங்கே தளர்ச்சி, எவ்வாறு திருத்தலாம் என்று உரையாடுகிறார். எண்ணிக் கணக்கிடும் வேலை கருவியுடையது. எண்ணிப் பார்க்கும் வேலை மனிதருடையது.

தமிழ்நாட்டின் அண்மைக்கால அனுபவமும் இதற்கு ஒத்ததே. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியும் திறன்பேசியும் வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சென்றன. அவை இல்லையேல் இழப்பு இன்னும் மிகுந்திருக்கும். எனினும், திறன்பேசி இல்லாத வீடுகள் இருந்தன. ஒரு திறன்பேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளும் இருந்தன. இளங்குழந்தைகள் பலர் கற்ற எழுத்தையும் மறந்தனர். ஆகவே 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தின்படி தன்னார்வலர்கள் பிள்ளைகள் வாழும் தெருக்களுக்கே சென்று கற்பித்தனர். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ எனத் தத்தம் நிலைக்கு ஏற்பப் பகுக்கப்பட்டனர். அந்நிலையை அளந்து பதிவு செய்வதற்குச் செயலி உதவியது. அரும்பை மொட்டாக்கி மலரச் செய்யும் பணி ஆசிரியருடையதாயிற்று.

திரையில் படிப்பதற்கும் தாளில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 54 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 1,70,000-க்கும் மேற்பட்டோரையும் ஒருங்கே வைத்து நோக்கியது. கதைகளைப் படிப்பதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் செய்திகளையும் கருத்துகளையும் விளக்கும் பகுதிகளைத் தாளில் படித்தவர் நன்கு புரிந்துகொண்டனர். குறித்த நேரத்துக்குள் படிக்க நேர்ந்தபோது இவ்வேறுபாடு மிகுந்தது. திரையைக் கண்டவுடன் கண் விரைகிறது. உள்ளமும் மேலோட்டமாகச் சென்றுவிடுகிறது. வகுப்பறைகளில் திரையை மிகுதியாகப் புகுத்திய சுவீடன் நாடு, 2023-இல் அச்சு நூல்களை வாங்குவதற்கெனத் தனிநிதி ஒதுக்கி, இளம் வகுப்புகளில் தாளுக்கும் கைக்கும் உரிய இடத்தை மீண்டும் அளிக்க முற்பட்டது. எனவே, எழுத்தின் ஒலியைப் பழகத் திரை உதவலாம்; ஆழ்ந்து படித்து அறிவதற்கு ஏடே சிறந்த துணையாகும்.

கருவிக்கு வேறு தேவைகளும் உண்டு. மின்சாரம் வேண்டும், இணைய இணைப்பு வேண்டும், பழுதுற்றால் சீர்செய்ய ஆள் வேண்டும். இவை இல்லாத பள்ளியில் விலையுயர்ந்த கருவியும் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். பிள்ளை பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு விளையாட்டுக்குத் தாவும் இடரும் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், கருவி என்பது கற்பவரின் நலனுக்கே உரியதாக இருத்தல் வேண்டும் என்றும், ஆசிரியரோடு கொள்ளும் நேர்த்தொடர்புக்கு அது துணையாகலாமேயன்றி மாற்றாகாது என்றும் வற்புறுத்தியது.

கருவியால் இயலாதது யாது? காலையில் உண்ணாமல் வந்த பிள்ளை படிக்கத் தடுமாறினால், எழுத்து தெரியாமையால் தடுமாறுகிறதா, பசியால் தடுமாறுகிறதா என்று கருவி அறியாது. கண் குறை உடைய பிள்ளை கரும்பலகையைப் பார்க்க முகத்தைச் சுளிப்பதை ஆசிரியர் ஒரு நோக்கில் கண்டுகொள்வார். ஒரு கதையைப் படித்துக் காட்டும்போது, கதைத்தலைவனுக்குத் துன்பம் நேரும் இடத்தில் ஆசிரியரின் குரல் தழதழக்கிறது. அக்குரலைக் கேட்ட குழந்தை, எழுத்துக்குள் இத்தகைய உணர்ச்சி ஒளிந்திருக்கிறதா என்று வியக்கிறது. தானே அந்நூலை எடுத்துப் படிக்க வேண்டும் என்னும் ஆவல் அங்கேதான் பிறக்கிறது. எழுத்தைக் கருவி காட்டலாம். எழுத்தின்பால் அன்பை ஊட்டுவது மனிதனே.

ஆகவே, எழுத்தறிவிக்கும் கருவி ஆசிரியர்க்குப் பகை அன்று. அவருக்கு மாற்றும் அன்று. முப்பது பிள்ளைகளுள் இருபத்தைந்து பேர் கருவியின் துணையால் பழகிக்கொண்டிருக்க, பின்தங்கிய ஐவரைத் தம் அருகே அமர்த்திக்கொள்ளும் ஓய்வு ஆசிரியர்க்குக் கிடைக்குமானால், அதுவே கருவியினால் விளையும் பெரும்பயன் ஆகும். கருவி மிச்சப்படுத்தும் நேரம் குழந்தைக்குச் செலவாக வேண்டும்.

இக்காலத்து மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டில் திறன்பேசி இருக்கலாம். அதனைக் கையாளும் திறமையும் இளையோரிடம் மிகுதியாக இருக்கலாம். அருகே படிக்கத் தடுமாறும் தம்பியோ தங்கையோ அண்டை வீட்டுச் சிறுவனோ இருந்தால், நாள்தோறும் கால்மணி நேரம் அவனோடு அமர்ந்து, மின்னூலகத்துக் கதை ஒன்றைத் திறந்து, விரலால் சொல்லைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் செய்யலாம். அவன் தவறும்போது நகையாமல் திருத்தலாம். சரியாகப் படிக்கும்போது மகிழ்ந்து பாராட்டலாம். பூட்டிய கதவின் முன் நிற்கும் ஒரு பிள்ளைக்குத் திறவுகோல் கொடுத்தவர் என்னும் பெருமை அம்மாணவரைச் சாரும். கருவி கையில் இருப்பது சிறப்பு அன்று. அக்கருவியைப் பிறர்க்கு எழுத்தறிவிக்கப் பயன்படுத்துவதே சிறப்பு.